எல்லோரும் மூக்கைப் பார்த்தார்கள்

நாகலெட்சுமியின் முதல் இரண்டு ஆண் பிள்ளைகளும் காய்ச்சலில் போனார்கள். மூன்றாவதும் ஆண். தீட்டுக் கழிந்ததும் மூக்கைக் குத்தி, செப்பு வளையம் மாட்டி, மூக்கன் என்று பெயர் வைத்தார்கள். ஊனப்பட்ட பிள்ளையை எமன் எடுக்கமாட்டான் என்பது வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் லயத்து வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஐம்பத்தேழாம் வருஷம் அது.

கொழுந்தெடுக்கப் போகும்போது பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுப்போவாள். அங்கே தொட்டில்களைப் பார்த்துக்கொண்ட வேலாயிக்கு வாய் சும்மா இராது.

"துணி மாத்தப் போனா மத்தப் பயலுக மூஞ்சியிலயே பீச்சி அடிக்கிறானுக. ஒம் மவன் கங்காணி மாதிரிடி. எதையும் சொட்டுச் சொட்டாத்தான் குடுப்பான்."

"கண்ணு வைக்காதீங்கக்கா" என்பாள் நாகலெட்சுமி. அவளும் சிரிப்பாள்.

மூன்றாம் மாதம் காய்ச்சல் வந்தது. உடம்பு நடுங்கியது. குடித்த பாலெல்லாம் வெளியே வந்தது. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஜன்னல் வழியாகவே பார்த்தார். மூக்கைச் சுற்றிப் பொருக்குத் தட்டியிருந்தது.

"காட்டுமிராண்டிங்க. புண்ணுல சீழ் வச்சிருக்கு. மொதல்ல அதைக் கழட்டு."

கழற்றினாள். அவர் கொடுத்த வெள்ளை மாத்திரையைத் தேனில் குழைத்துப் புகட்டினாள். காய்ச்சல் விட்டது.

"பாத்தியா?" என்றார் டிஸ்பென்சர்.

சில வாரம் கழித்துத் திரும்பவும் காய்ச்சல். மூக்கில் புண் இல்லை.

"அவரு சொன்னாருன்னு கழட்டிட்டியே" என்றான் புருஷன் நல்லமுத்து. "இப்ப எமன் கண்ணுக்கு முழுப் புள்ளையாத்தானே தெரியிறான்."

தூர்ந்த துளையில் மறுபடி ஊசி ஏறியது. பிள்ளை வீறிட்டது. துணி நனையும்போதும் அது அப்படித்தான் வீறிடும். பிள்ளை என்றால் அழும்.

வளையத்தோடு டிஸ்பென்சரிடம் போகமுடியாது. ஏசுவார். போகவில்லை. காய்ச்சல் வந்து வந்து போனது. கை கால் சூம்பி வயிறு மட்டும் உப்பியது. பிள்ளை பால் குடிப்பதையும் விட்ட பிறகு தோட்டத்து லொறியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கிருந்த டொக்டர் மூக்கைப் பார்க்கவே இல்லை. துணியை அவிழ்த்து அடிவயிற்றை அமுக்கினார். உள்ளே ஏதோ உருண்டு திரண்டிருந்தது. அவர் சிங்களத்தில் கேட்டதை நர்ஸ் தமிழில் கேட்டாள்.

"மூத்திரம் வெசையாப் போகுமா?"

"சொட்டுங்க. பொறந்ததுலேருந்தே அப்படித்தாங்க."

மெல்லிய குழாயை விட்டார்கள். கலங்கலாக வந்து தட்டு நிறைந்தது. பிள்ளை தூங்கிற்று. நாகலெட்சுமி கையெடுத்துக் கும்பிட்டாள்.

"கும்பிடாத" என்றாள் நர்ஸ். "பொறக்கும்போதே மூத்திர வழியில அடைப்பு. தேங்கித் தேங்கிக் கெட்டுத்தான் காய்ச்சல் வந்திருக்கு. மூத்திரம் பிரிக்கிற ரெண்டு குண்டிக்காயும் போயிடுச்சு. முந்தியே கொண்டாந்திருக்கணும்."

பிள்ளை அங்கேயே இறந்தது.

லயத்தில் இரண்டு கட்சி உண்டாயிற்று. வளையம் போட்டதால் செத்தான் என்றது ஒன்று. கழற்றியதால் செத்தான் என்றது மற்றது. இரண்டு கட்சிக்கும் குற்றவாளி நாகலெட்சுமிதான். பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது வேலாயியிடம் ஒருமுறை சொல்லிப்பார்த்தாள்.

"மூக்கு இல்லக்கா. மூத்திரம் அடைச்சிருந்துச்சாம்."

"அடைச்சிருந்துச்சா? எந்நேரமும் துணி ஈரமாத்தானேடி கெடந்துச்சு. நானே தொவைச்சிருக்கேனே."

அவளும்தான் துவைத்திருக்கிறாள். அடைப்புக்குள் நிறைந்து வழிந்ததுதான் அந்த ஈரம் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. நர்ஸ் சொன்னதை அவளே நம்புவதும் அன்றோடு நின்றது.