பந்தலுக்குள் அழுதவள்

மகள் அயர்லாந்தில் நர்சாக இருக்கிறாள். போன வாரம் போனில் பேசும்போது குரல் ஒரு மாதிரி இருந்தது.

"அம்மா, எங்க வார்டுல ஒரு வயசானவுக சொல்றாக. இங்கன சில குடும்பத்துக்குன்னே ஒரு பொம்பள உண்டாம். பான்ஷீன்னு பேரு. வீட்டுக்கு வெளிய வந்து அழுவாளாம். அழுதா அந்த வீட்டுல ஒரு சாவு விழுகுமாம். ஒனக்குச் சிரிப்பு வருதா?"

சிரிப்பு வரவில்லை. மூக்கில் மயில்துத்த வாடைதான் வந்தது.

ராயப்பன்பட்டிக்குப் பக்கத்தில் திராட்சைத் தோட்டக்காரர் வீட்டில் நான் வாக்கப்பட்டேன். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து கொடிக்கு மருந்தடிப்பார்கள். இலையெல்லாம் நீலம் பூத்துக் கிடக்கும். உச்சி வெயிலிலும் பந்தலுக்குள் பச்சை இருட்டு. நானோ நெட்டை. குனிந்து குனிந்தே கூன் விழுந்துவிடுமோ என்பதுதான் புதுப்பெண்ணின் பெரிய கவலை. இந்த வீட்டுக்கும் ஒருத்தி உண்டு என்று பெண் பார்க்க வந்தபோது யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் தோட்டத்தைப் பார்த்த என் அப்பா காதில் வாங்கியிருக்க மாட்டார்.

என் வீட்டுக்காரர் லாரியில் பழம் ஏற்றிக்கொண்டு குமுளிக்குப் போயிருந்தார். நடுப்பகல். பழம் வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு வெளியே ஓடி வந்தார்கள். ஓர் இலை அசையவில்லை. உள்ளே யாரோ ஒரு பெண் அழுகிறாள். கேத வீட்டில் அழுது அழுது தொண்டை கட்டின பிறகும் அழுவார்களே, அந்த அழுகை. யாரென்று கேட்க வாயெடுத்தேன். என் மாமியார் சட்டென்று வாயைப் பொத்தினார். கையெல்லாம் பழச்சாறு.

"கூப்புடாதத்தா. நம்ம வீட்டுல பொறந்து வாழாமப் போன புள்ள. யாராச்சும் போறதுக்கு முன்னால வந்து அழுவா."

"யாருக்கு அத்தை அழுகுறா?"

அத்தை குமுளி மலைப்பாதை இருந்த பக்கம் பார்த்தார். நானும் பார்த்தேன். அப்போதெல்லாம் கூப்பிட்டுக் கேட்க ஏது போன்?

எங்கள் பக்கம் ஒருத்தியைத் தனியாக அழ விடமாட்டார்கள். தோளில் கைபோட்டு, கூட உட்கார்ந்து அழ வேண்டும். அத்தை முந்தானையைச் செருகிக்கொண்டு பந்தலுக்குள் போனார். தரையில் உட்கார்ந்தார். ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டிச் சுற்றிப் போட்டார். அங்கே யாரும் இல்லை. ஆனால் கை கீழே விழாமல் தோள் உயரத்தில் நின்றது. ஒப்பாரி வைக்க ஆரம்பித்தார். "மகனே" என்று சொல்லிவிடப் போகிறாரே என்று காதைப் பொத்திக்கொண்டேன். விரலிடுக்கில் கேட்டது.

"என்னைய மகளா வச்ச அத்தையே, இங்கன விட்டுப் போனீகளே..."

அத்தை செத்தால் மருமகள் நான் அழ வேண்டிய பாட்டு அது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு குரலும் சேர்ந்து அதையே பாடியது.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்தார். இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் லாரி பாறையில் முட்டி நின்றதாம். நெற்றியில் ஒரு கீறல், அவ்வளவுதான். அத்தை சுடச்சுடச் சோறு போட்டு, மகன் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் அத்தை எழுந்திருக்கவே இல்லை. நான் அந்தப் பாட்டைத்தான் பாடி அழுதேன், வேறு பாட்டு எனக்குத் தெரியாது.

நோய் வந்து கொடியெல்லாம் பட்டுப்போய், பந்தலைப் பிரித்துக் கம்பியை எடைக்குப் போட்டோம். தோட்டம் இப்போது வீட்டுமனை. அழுகிறவளுக்கு உட்கார அங்கே நிழல்கூட இல்லை. போன மாசியில் டீ குடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் அப்படியே தலை சாய்ந்துவிட்டார். நான் பக்கத்திலேயே இருந்தேன். எதுவும் கேட்கவில்லை.

ஒரு தடவை அழுது காட்டியிருக்கலாம் அவள். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் கை போட்டு, எனக்கான பாட்டைப் பாடியிருப்பேன்.