கால்வாரி

மந்தைவெளியில் பாதி வீடுகள் என் லாரியில் வந்த ஜல்லியின் மேல்தான் நிற்கின்றன. மூன்றாவதுக்கு மேல் நான் படிக்கவில்லை. ஆனால் ஒரு கல்லைக் கையில் வாங்கினால் எந்தக் குவாரியில் உடைந்தது என்று சொல்லிவிடுவேன். இன்ஜினியர்களே என்னைக் கேட்டுவிட்டுத்தான் போவார்கள்.

அப்பேர்ப்பட்ட என்னிடம் போன மாதம் என் மகள் ஒரு சொல் கேட்டாள். பாடப் புத்தகங்களை இங்கிலீஷிலிருந்து தமிழாக்குவது அவள் வேலை. மலைச் சரிவில் பாறை தானாக உதிர்ந்து, கால் வைத்தால் நிலைக்காமல் கிடக்குமே, அந்தக் கற்களுக்குத் தமிழில் என்ன பேர் என்றாள். லேப்டாப்பில் படத்தையும் காட்டினாள். மதியத்துக்குள் அந்தப் பக்கத்தை முடித்து அனுப்பியாக வேண்டுமாம்.

"இதுக்கு இன்னாம்மா யோசனை? ரப்பீஸ்னு போடு."

"அது வீட்ட இடிச்சா வர்றதுப்பா. மலைய யார் இடிச்சா?"

"அப்போ ஜல்லி."

"ஜல்லி நாம உடைக்கிறது. நீங்கதானே சொல்லுவீங்க?"

"ஊருக்கே கல்லு வித்தவரு," என்று சமையலறையிலிருந்து என் மனைவி வேறு. "ஒரு பேரு தெர்லியாமே!"

விற்ற கல்லுக்கெல்லாம் என்னிடம் பேர் உண்டு. முக்கால் இன்ச், ஒன்றரை இன்ச், சிப்ஸ். யாரும் வாங்காத கல்லுக்குத் தொழிலில் ஏது பேர்? இப்படிச் சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் படத்தைப் பார்த்ததுமே அந்தப் பேர் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"கால்வாரி," என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. "சூப்பர்ப்பா! எங்க சொல்லுவாங்க? யாரு? குறிப்பு எழுதணும்."

நான் பயந்தது இதற்குத்தான். இடது காலை நான் கொஞ்சம் தாங்கித்தான் நடப்பேன். கட்டட வேலையில் சாரம் சரிந்தபோது ஓர் ஆளைக் காப்பாற்றப் போய் அடிபட்டது என்றுதான் மகளிடம் சொல்லி வைத்திருந்தேன். அவள் அதைப் பள்ளியில் கட்டுரையாகவே எழுதிப் பரிசு வாங்கியவள். அவள் கண்ணில் நான் நின்றதே அந்தச் சாரத்தின் மேல்தான்.

ஆனாலும் ஒரு புத்தகத்தில் என் வாயிலிருந்து வந்த சொல்! விட மனம் வரவில்லை. சொன்னேன். பதினேழு வயதில் பல்லாவரம் பக்கம் கல் உடைத்தேன். வெடி வைக்காத பின்சரிவில் வெயிலும் மழையும் உதிர்த்த கல் கிடக்கும். அங்கே கல் உடைத்த பெண்கள் அதைக் கால்வாரி என்பார்கள். ஒரு பந்தயத்துக்காக அதன் மேல் ஓடினேன். காலை வாரிவிட்டது, முழங்கால் உடைந்தது.

மகள் என் முழங்காலையே பார்த்தாள். "அப்போ அந்த சாரம்?"

"சரிஞ்சது நெசம்தான். நான் கீழ டீ குடிச்சிக்கினு இருந்தேன்."

அவள் சிரிக்கவில்லை. குனிந்து தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள்.

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. "பந்தயம் கட்னது நான்தான்," என்றாள் என் மனைவி. "அதையும் எழுதிக்கோ."