பேர் சொல்லி எழுப்பணும்

காட்டுமன்னார்கோயில் ரைஸ்மில்லில் மெஷின் ஓட்டும் ராஜவேல், திருவிழா நாடகத்தில் வருஷா வருஷம் ராஜா வேஷம் கட்டுவான். ஊரே தம்பியைப் புகழ்வதைப் பொறுக்காமல், சிம்மாசனம் போய்விடுமோ என்று பயந்து, அந்தத் தம்பியையே குத்திக் கொல்கிற ராஜா.

இந்த வருஷம் தம்பி வேஷம் அவன் பெண்டாட்டியின் தம்பி செந்தமிழ்செல்வனுக்கு. சின்னப் பையனாக இருந்தபோது அவனைச் சிதம்பரம் கூட்டிப்போய் சினிமா காட்டியவனே ராஜவேல்தான். இப்போது செல்வன் பாடப் பாட விசில் பறந்தது. "அடுத்த வருஷம் நீதான்டா ராஜா" என்று நாடக வாத்தியார் செல்வனிடம் சொன்னது ராஜவேல் காதிலும் விழுந்து தொலைத்தது.

கட்டைக் கத்தி இறங்கியது. செல்வன் விழுந்தான். திரை மூடியது.

கொன்றவனே செத்தவனை நிஜப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கைகொடுத்துத் தூக்க வேண்டும். அதுவரை செத்தவன் எழுந்திருக்கக் கூடாது. அந்த ஊர் நாடகத்தில் அதுதான் வழக்கம். ராஜவேல் வாயைத் திறக்கவில்லை. கத்தியை இறுக்கிப் பிடித்தபடி நின்றான்.

"மாமா, பேரச் சொல்லுங்க மாமா."

"அடுத்த வருஷம் ராஜா யாருடா?"

படுத்திருந்தவன் அவன் கண்களைப் பார்த்தான்.

"நீங்கதான் மாமா. எனக்கு வேஷமே வேணாம்."

"செந்தமிழ்செல்வா" என்று கூப்பிட்டுக் கையை நீட்டினான் ராஜவேல்.

செல்வன் அந்தக் கையைத் தொடாமலே எழுந்து போனான்.