தஞ்சாவூர்க் கொய்யா

யார் மரத்திலாவது ஒரு பழம் பறித்துத் தின்றுவிட்டால், பொழுது சாய்வதற்குள் அந்த வீட்டு வாசலில் போய்ச் சொல்லிவிடுவது அப்பாவின் பழக்கம். "ஏனுங்க, உங்க மரத்துல ஒரு கொய்யா தின்னுட்டேனுங்க" என்பார். உள்ளேயிருந்து "செரி, செரி" என்று குரல் வரும். சில சமயம் வராது. வந்தாலும் வராவிட்டாலும் சொல்லியாகிவிட்டது என்று நடக்கத் தொடங்குவார். நான் ஒன்றாம் வகுப்புக்குப் போன நாளிலிருந்து இதைப் பார்த்து வந்தேன். எட்டாம் வகுப்புக்கு வந்த பிறகு, அவர் வாசலில் நிற்கும்போது நான் நிற்காமல் பத்தடி முன்னால் போய்விடுவேன்.

மலைமேல் பைல் நாடு என்று சொல்லும் எங்கள் ஊர்ப் பக்கம் இது தெரிந்த வழக்கம்தான். வழியில் போகிறவர் பசிக்கு ஒரு பழம் தின்னலாம், மடியில் கட்டிக்கொண்டு போகக் கூடாது. தின்றதை உடையவரிடம் சொல்ல வேண்டும். தன் மரம் பழுக்கும்போது அந்த வீட்டுக்கு ஒன்று கொடுக்க வேண்டும். மற்றவர்கள் எப்போதாவது சந்தையில் பார்த்தால் சொல்வார்கள், பாதி நாள் மறந்தும் போவார்கள். அப்பா மறந்ததில்லை. வைகாசியில் பலா பழுத்தால் எந்தப் பழம் எந்த வீட்டுக்கு என்பதை அண்ணாந்து பார்த்தபடியே சொல்லிவிடுவார். நல்லதெல்லாம் ஊருக்குப் போகிறது, சொத்தையெல்லாம் நமக்கு என்று அம்மா திட்டுவாள்.

அவர் பெயர் கருப்பண்ணன். ஒன்றரை ஏக்கரில் சாமையும் மரவள்ளியும் போட்டார். ஓரத்து மரங்களில் மிளகுக் கொடி ஏற்றியிருந்தார். ஒரு வருடம் மிளகு பறிக்க ஏறி, மூங்கில் ஏணியோடு விழுந்ததில் இடது தோள் இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு எந்தச் சட்டை போட்டாலும் ஒரு பக்கம் தொங்கும். எழுதப் படிக்கத் தெரியாது. நான் கல்லூரியில் வரலாறு எடுத்தபோது, "அதுல என்ன கண்ணு சொல்லித் தருவாங்க?" என்று கேட்டார். செத்துப்போன ராஜாக்களைப் பற்றி என்றேன். "அவங்க தோட்டத்துல வேலை செஞ்சவங்களைப் பத்தியும் சொல்லுவாங்களா?" என்றார். நான் சிரித்தேன். அது நல்ல கேள்வி என்று இப்போது தோன்றுகிறது. அன்று தோன்றவில்லை.

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான்தான். படிப்பு முடிந்ததும் மலை விவசாயிகளுக்காக நடந்துவந்த ஒரு தொண்டு நிறுவனத்தில் கள அலுவலராகச் சேர்ந்தேன். ஒரு வருட ஒப்பந்தம். நீல ரிப்பனில் என் படம் போட்ட அட்டை. அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு செம்மேட்டு பஸ் நிலையத்தில் நிற்பது எனக்குப் பிடித்திருந்தது.

மூன்று வருடத்துக்கு முன்பு, தை மாதத்தில், அந்த நிறுவனம் நாற்பது பேரை ஒரு நாள் தஞ்சாவூருக்கு ரயிலில் கூட்டிப்போக ஏற்பாடு செய்தது. ரயிலே ஏறாதவர்களுக்கு முன்னுரிமை. காகிதத்தில் அதற்குப் பெயர் கண்டுணர்வுச் சுற்றுலா. பட்டியல் தயாரிப்பது என் வேலை. பணியாளர்களின் உறவினர்களைச் சேர்க்கக் கூடாது என்று சுற்றறிக்கையில் இருந்தது. புறப்படுவதற்கு முதல் நாள் ஒருவருக்குக் காய்ச்சல் என்று இடம் காலியானதும், முப்பத்தெட்டாவது வரியில் அப்பாவின் பெயரை எழுதினேன். அவர் ரயில் பார்த்ததில்லை. யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

வேன் மலைப்பாதையின் எழுபது வளைவையும் இறங்கி முடிப்பதற்குள் பாதிப் பேர் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்திருந்தார்கள். நாமக்கல்லில் ரயில் ஏறினோம். கரூர் தாண்டியதும் அருணாசலம் வாயைத் திறந்தார். அவர் அப்பாவுக்குப் பங்காளி, சும்மா இருக்கத் தெரியாத ஆள்.

"ஏன்டா கருப்பண்ணா, வண்டி திரும்பவே மாட்டீங்குது?"

"திரும்பறதுக்கு மலை வேணுமில்ல."

"அப்ப கீழ்நாட்டுக்காரனுக்கு வயித்தையே கலக்காதா? குடுத்து வச்சவன்டா."

பெட்டியே சிரித்தது. அப்பா ஜன்னலை விட்டு நகர்ந்து, "கண்ணு, இங்க வந்து உக்காரு, காத்து வருது" என்றார். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பட்டியலைப் புரட்டிக்கொண்டே நகர்ந்தேன். நகரும்போது திரும்பிப் பார்த்தேன். எங்களுக்கு வழிகாட்டியாக வந்த ஜான்பீட்டர் அப்பா 'கண்ணு' என்றதைக் கேட்டாரா என்று பார்த்தேன். பயணம் முடிந்ததும் அறிக்கை எழுத வேண்டியவர் அவர். அவர் அடுத்த வரிசையில் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

ஜான்பீட்டர் நல்ல மனிதர். சிவப்புக் குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு முன்னால் போவார், குடையைப் பார்த்துக்கொண்டே நாங்கள் போவோம். பெரிய கோயிலில் கோபுரத்தின் உயரம், கல்லின் எடை, கட்டியது யார் என்று வரிசையாகச் சொன்னார். நிறுத்தியதும் அப்பா கை தூக்கினார்.

"இத்தனை கல்லு தூக்குனவங்களுக்கு யாருங்க ஆக்கிப் போட்டது?"

"அது... அரசாங்கம்தான் பார்த்திருக்கும் ஐயா."

"அரசாங்கம் அரிசி குத்தாதுங்களே."

அருணாசலம் முதுகில் தட்டினார். ஜான்பீட்டரும் சிரித்தார். வரலாறு படித்த நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மதியச் சாப்பாடு அரண்மனைக்குப் பின்னால் ஒரு சந்திலிருந்த மண்டபத்தில். முடிந்ததும் அரை மணி நேரம் ஓய்வு. நான் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தபோது வெளியே சத்தம் கேட்டது. எல்லோரும் எழுந்து போனோம்.

சந்தின் கோடியில் ஒரு வீட்டு இரும்புக் கேட்டுக்கு முன்னால் அப்பா கைகட்டி நின்றிருந்தார். மதிலுக்கு வெளியே ஒரு கொய்யாக் கிளை வளைந்து தொங்கியது. கேட்டுக்கு உள்ளே ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர். எதிர்வீட்டுக்காரர் பனியனோடு இறங்கி வந்து அப்பாவின் பக்கத்தில் நின்றிருந்தார்.

"நான் திருட வரலீங்கம்மா. தின்னதைச் சொல்லத்தான் தட்டுனேனுங்க."

"தின்னா தின்னுட்டுப் போக வேண்டியதுதானே? கேட்டைத் தட்டி எதுக்குச் சொல்ற? உள்ள யாரு இருக்கான்னு பார்க்கறியா?"

"எங்க பலா வைகாசியில பழுக்குமுங்க. உங்களுக்கு ஒண்ணு கொண்டாந்து தாரேனுங்க."

எதிர்வீட்டுக்காரர் சிரித்தார். "அக்கா, இது புது மாதிரியா இருக்கு. போன மாசம் ஒருத்தன் ஜோசியம் சொல்றேன்னு வந்தான். இவன் பலாப்பழத்தோட வரான்."

ஜான்பீட்டர் குடையை மடக்கிக்கொண்டு ஓடிவந்தார். "எங்க குரூப்தாங்க இவரு. மலையிலேர்ந்து வந்திருக்காங்க. விவரம் தெரியாதவங்க, தப்பா எடுத்துக்காதீங்க."

"குரூப்ல வந்தா? நாளைக்கு ஏதாவது காணாமப் போனா யாரைக் கேக்கறது?" என்றார் அந்த அம்மா. அவருக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். பேசிக்கொண்டே கேட்டை இன்னும் கொஞ்சம் சாத்தினார்.

ஜான்பீட்டர் என்னைப் பார்த்தார். "சுகுணா மேடம், இவரை உங்களுக்கு நல்லாத் தெரியும் இல்லியா? யாருன்னு அவங்ககிட்டச் சொல்லுங்க. தெரிஞ்சவங்கன்னா நம்பிடுவாங்க."

உண்மையைச் சொல்லியிருந்தால் போதும். என் கழுத்தில் அட்டை இருந்தது, நல்ல சேலை கட்டியிருந்தேன். இவர் என் அப்பா, எங்கள் ஊர் வழக்கம் இது என்று இரண்டு வரி சொல்லியிருந்தால் அந்த அம்மா சிரித்துக்கூட இருப்பார்.

"பயனாளிங்க சார்," என்றேன். "லிஸ்ட்ல முப்பத்தெட்டாவது."

எங்கள் ஊர்க்காரர்கள் முப்பத்தொன்பது பேரும் எனக்குப் பின்னால் நின்றிருந்தார்கள். நான் யார் மகள் என்று தெரியாதவர் ஒருவரும் இல்லை. எதற்கும் ஒன்று சொல்லும் அருணாசலம்கூட வாயைத் திறக்கவில்லை.

அப்பா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அந்த அம்மாவிடம் திரும்பி, "ஆமாங்க. மேடம்தான் பேரு எழுதிக் கூட்டியாந்தாங்க" என்றார்.

சுற்றறிக்கை ஞாபகம் வந்ததால்தான் அப்படிச் சொன்னேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த நேரத்தில் எனக்குச் சுற்றறிக்கை ஞாபகமே வரவில்லை. எதிர்வீட்டுக்காரரின் சிரிப்புத்தான் காதில் இருந்தது.

ஜான்பீட்டர் ஐம்பது ரூபாய்த் தாளைக் கேட்டுக்குள் நீட்டினார். அப்பா அவர் கையை மெதுவாகத் தொட்டார். "காசு குடுத்தா வாங்குனதாப் போயிருமுங்க சார். நான் தின்னதுங்க." அந்த அம்மா, "எனக்கு ஒண்ணும் வேணாம். முதல்ல கூட்டிட்டுப் போங்க" என்று தாழ்ப்பாளைப் போட்டார்.

எல்லோரும் திரும்பி நடந்தார்கள். அப்பா மட்டும் நின்றார். கேட்டுத் தூணில் நீல நிறத்தில் ஒரு தகடு அடித்திருந்தது.

"அதுல நம்பரு போட்டிருக்குதுங்களா மேடம்? என்னன்னு படிச்சுச் சொல்றீங்களா?"

பக்கத்தில் வேறு யாரும் இல்லை. அப்போதும் மேடம் என்றுதான் சொன்னார்.

தகட்டில் இருபத்தேழு என்று தெளிவாக இருந்தது. தெரிந்தால் வைகாசியில் பலாப்பழத்தைத் தோளில் வைத்துக்கொண்டு அந்தக் கேட்டைத் திரும்பவும் தட்டுவார். வழி தெரியாது என்று என்னையும் கூப்பிடுவார். "அழிஞ்சு போச்சுங்க. தெரியல" என்றேன்.

திரும்பும் ரயிலில் அப்பா என்னைவிட்டு ஆறு வரிசை தள்ளி உட்கார்ந்தார். "கொய்யா திங்க ரயிலேறி வந்த மொத ஆளு நீதான்டா" என்றார் அருணாசலம். எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவும் சிரித்தார். என்னைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. திருச்சியில் வண்டி நின்றபோது இறங்கிப் போய்த் தண்ணீர் பிடித்து வந்தார். என்னிடம் நீட்டி, "மேடம், தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார்.

"பாருங்க மேடம், எவ்வளவு மரியாதை" என்றார் ஜான்பீட்டர்.

அப்பா குத்திக்காட்டினாரா, என் வேலையைக் காப்பாற்றினாரா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அவர் குத்திக்காட்டிப் பேசி நான் கேட்டதில்லை. மறுநாள் காலையில் "கண்ணு, டீ ஆறிருச்சு" என்று எப்போதும்போல எழுப்பினார். அந்தச் சந்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அவர் கேட்டிருந்தால் அழுதிருப்பேன். கேட்காததால் தப்பித்தேன், அப்படியே பழகியும் போனேன்.

அந்த வைகாசியில் அடிமரத்தில் காய்த்த ஒரு பலாவைக் காட்டி, "இது தஞ்சாவூர் அம்மாளுக்கு" என்றார். "ரயில்ல கொண்டுபோக உடுவாங்களா கண்ணு?"

"எனக்கு லீவு கிடைக்காதுங்கப்பா."

பழம் பழுத்து வாசம் அடித்தது. அவர் வெட்டவும் இல்லை, வெட்ட விடவும் இல்லை. அம்மா கத்தினாள். கடைசியில் தானாக விழுந்து வெடித்தது, ஆடுகள் தின்றன. அடுத்த வருடமும் ஒன்றை விட்டுவைத்தார். "அந்தக் குடைக்காரச் சாரைக் கேட்டா ஊடு எதுன்னு சொல்லுவாரா?" என்றார். அவர் நம்பரை மாற்றிவிட்டார் என்றேன். ஜான்பீட்டரின் நம்பர் என் போனில்தான் இருந்தது. அதற்குப் பிறகு அப்பா கேட்கவில்லை.

போன புரட்டாசியில் நெஞ்சுவலி என்று நாமக்கல்லுக்குக் கொண்டுபோகும் வழியில், பாதி இறக்கத்திலேயே இறந்துவிட்டார். பந்தலில் ஒவ்வொருவராக வந்து அவர் கொடுத்த பழங்களைப் பற்றிப் பேசினார்கள். "கருப்பண்ணன் யாருக்கும் பாக்கி வச்சுட்டுப் போகலை" என்று ஒருவர் சொன்னார். பக்கத்தில் இருந்த அருணாசலம், "ஒண்ணு இருக்குது" என்றார். என்னைப் பார்க்கவில்லை.

எந்த வேலைக்காக அன்று அப்படிச் சொன்னேன் என்று நினைத்தேனோ அந்த வேலை அடுத்த வருடமே போய்விட்டது. நிறுவனத்துக்குப் பணம் வருவது நின்றுபோனது, அவ்வளவுதான். இப்போது போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். சோழர் காலத்துக் கேள்விகளுக்கெல்லாம் விடை தெரியும். லீவு இல்லை என்று சொல்ல முடியாது. வீடு தெரியாது என்றும் சொல்ல முடியாது.

இது வைகாசி. பலா பழுத்திருக்கிறது. அம்மா தினமும் ஒன்று வெட்டுகிறாள். தஞ்சாவூருக்குக் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். கேட்டைத் தட்டினால் நீ யார் என்றுதான் அந்த அம்மா முதலில் கேட்பார். அந்த ஒரு கேள்விக்காகத்தான் போகாமல் இருக்கிறேன். இருபத்தேழாம் எண் வீட்டுக்கு அப்பா கொடுக்க வேண்டிய பழம் இன்னும் போய்ச் சேரவில்லை.