பட்டாளத்துக்குப் போன என் கதைகள்

என் தாய்மாமாவுக்கு மையைக் காட்டினால் மைதான் தெரியும். இந்த ஒரு குறை மட்டும் இல்லாவிட்டால் அவர் பட்டாளத்தில் ஆபீசராகியிருப்பார். நான் நேர்மாறு. வாத்தியார் கரும்பலகையில் எழுதிப்போட்ட கணக்கைத் தவிர, மற்ற எல்லாமே எனக்கு அந்தப் பலகையில் தெரியும்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ஆண்டிமடத்துக்குப் பக்கத்தில் தாத்தா வீட்டில் நானும் அம்மாவும் இருந்தோம். அப்பா ரங்கூனில் ஒரு அரிசி மில்லில் கணக்கெழுதப் போனவர். ஜப்பான்காரன் அங்கே குண்டு போட்டபின் கடிதம் நின்றுபோயிருந்தது. பர்மாவிலிருந்து ஜனங்கள் காடும் மலையும் தாண்டி நடந்தே வருகிறார்கள் என்று ஊரில் பேச்சு. ஆனால் அப்பாவைப் பற்றி என்னிடம் யாரும் பேசுவதில்லை. நானும் கேட்பதில்லை, எனக்கு வேறு முக்கியமான வேலைகள் இருந்தன, ஓணான் பிடிப்பது போல.

மாமா திருச்சியில் பி.ஏ. முடித்துவிட்டு வந்து, மீசையைத் தவிர வேறெதையும் வளர்க்காமல் இருந்தார். அவரை முந்திரித் தோப்போடு கட்டிப்போட வேண்டும் என்பது தாத்தாவின் ஆசை. பட்டாளத்தில் ஆபீசராக வேண்டும் என்பது மாமாவின் கனவு. கடைசியில் ஒரு உடன்பாடு ஏற்பட்டது. பெங்களூரில் நடக்கிற தேர்வுக்கு ஒரே ஒரு தடவை போகலாம். தேறாவிட்டால் வாயை மூடிக்கொண்டு தோப்பைப் பார்க்க வேண்டும்.

ஓடுவது, கயிறு ஏறுவதெல்லாம் மாமாவுக்குத் தூசு. ஆனால் முன்னமே அங்கே போய்த் தோற்றுத் திரும்பிய சிநேகிதர் ஒருவர் அவரைப் பயமுறுத்திவிட்டார். புகை மூடியது போன்ற படங்களைக் காட்டுவார்களாம். மை சிந்திய காகிதத்தைக்கூட நீட்டுவார்களாம். பார்த்த மாத்திரத்தில் ஒரு கதை எழுத வேண்டுமாம். அதை வைத்தே மனசுக்குள் என்ன கிடக்கிறதென்று ஒரு டாக்டர் கண்டுபிடித்துவிடுவாராம். இதற்குச் சரியான விடை எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று மாமா கேட்டார். தெரிந்திருந்தால் சிநேகிதர் ஏன் ஊருக்குத் திரும்பி வருகிறார்?

எனவே மாமா என்னைப் பிடித்தார். மத்தியானங்களில் தோப்புக்குப் போனோம். முந்திரி மரத்தின் கிளைகள் தரையைத் தொட்டுக் கிடக்கும். குனிந்து உள்ளே போய்விட்டால் பச்சை வெளிச்சம். குளத்துக்கு அடியில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். பழம் புளித்த வாசனையில் கண் தானாகச் சொக்கும். மாமா காகிதத்தில் மையைச் சொட்டி, மடித்து அழுத்தி, பிரித்து நீட்டுவார்.

“என்னடா தெரியுது?”

காய்வதற்குள் மை மெதுவாக நகர ஆரம்பித்துவிடும்.

“கரடி ஒண்ணு ஆத்துல தண்ணி குடிக்குது மாமா. அக்கரையில ஒருத்தரு வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு நிக்கிறாரு. கரடி போனதும் எறங்கி வருவாரு.”

“எனக்கு மை கொட்டுன மாதிரிதாண்டா இருக்கு” என்று மாமா பெருமூச்சு விட்டு, அதை அப்படியே மனப்பாடம் செய்துகொள்வார். அடுத்த காகிதத்தில் மலை. மலைச்சரிவில் மழையோடு மழையாக ஒரு ஆள் வருவார். இன்னொன்றில் கப்பல், அதில் ஒரே ஒருவர் மட்டும் கையாட்டிக்கொண்டு நிற்பார். ஒவ்வொன்றும் புத்தம்புதுக் கதை என்று எனக்கு ஒரே கர்வம். மாமா எல்லாவற்றையும் காலேஜ் இங்கிலீஷில் மாற்றிக்கொண்டு பெங்களூருக்கு ரயிலேறினார்.

திரும்பி வந்தவர் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபின்தான் வாயைத் திறந்தார். ஓட்டத்தில் குறையில்லையாம். கயிற்றில் குறையில்லையாம். கதைகளையும் பிசகாமல் எழுதினாராம். அதன்பின் அந்த டாக்டர் தனியாகக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு, துக்கம் விசாரிப்பது போல ஒன்று கேட்டிருக்கிறார்.

“‘உங்க அப்பா வூட்ட விட்டுப் போயி எத்தன வருசமாச்சு?’ன்னு கேக்குறாருப்பா.”

வெற்றிலையோடு இருந்த தாத்தாவுக்குப் புரையேறிவிட்டது. “நான் எங்கடா போனேன்? களத்துமேட்டத் தாண்டுனாலே உங்க ஆத்தா கத்துவா.”

“அதத்தான் சொன்னேன். இல்லீங்க சார், அவரு வூட்டுலதான் இருக்காருன்னேன். நம்பவே இல்ல. தோள்ல தட்டிக்குடுத்து அனுப்பிட்டாரு.”

வீடே சிரித்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவன் நான். சாதம் போட்டுக்கொண்டிருந்த அம்மா மட்டும் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். மாமாவின் சிரிப்பு பாதியில் நின்றது. அம்மா போன பக்கம் பார்த்தார்; பிறகு என்னைப் பார்த்தார்.

என் கவலை எனக்கு. “அப்ப என் கதையெல்லாம் பெயிலா மாமா?”

“இல்ல மாப்ள” என்றார். “நீ பாஸு. நான்தான் பெயிலு.”

மறுநாள் அவர் அரிவாளை எடுத்துக்கொண்டு பேசாமல் தோப்புக்குப் போனார். நானோ ஆபீசர் தேர்வில் நான் பாஸாகிவிட்டதாகத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சாயங்காலம் அம்மா கூப்பிட்டாள். மாமாவுக்குச் சொன்ன கதைகளைச் சொல்லச் சொன்னாள். கரடியைப் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை. கப்பலைப் பற்றியும் கேட்கவில்லை.

“அந்த ஆளு நல்லா நடக்கிறாராடா? காலு கீலு நொண்டலயே?”

வெளியே பையன்கள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். “நல்லாத்தான் நடக்கிறாரும்மா. இன்னும் கொஞ்ச தூரந்தான், வந்துருவாரு” என்று சொல்லிவிட்டு ஓடினேன். கதைக்கு முடிவு கேட்கிறாள் என்றுதான் நினைத்தேன்.