கண்ணில் குறையில்லை என்று சாட்சி சொன்ன ஞாயிறு

இது சுற்றிப் பார்க்கப் போன பயணம் இல்லை. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணித் தறி ஓட்டும் என் அத்தான், அக்காவின் கணவர், ஒரு மாதமாகத் தலைவலி என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா பக்கவாதத்தில் படுத்துச் செத்தவர். ஆனாலும் ஆஸ்பத்திரி என்றால் அசைய மாட்டார். கண் முகாம் என்றால் வருவார், கண்ணாடி கிடைக்குமே! ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன்.

மதுரையில் காலை 6.15க்கு பஸ், 75 ரூபாய். 8.30க்கு ராஜபாளையம். முகாமில் அத்தானுக்குச் சொட்டு மருந்து விட்டு, அரை மணி நேரம் கழித்து விழித்திரையைக் கேமராவில் படம் எடுத்து, கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார்கள்.

"புரை இல்ல. ஆனா உள்ள ரத்தக்குழாய் சுருங்கித் தெரியுது. வாதம் வாறதுக்கு முன்னாடி இப்படித் தெரியலாம். இந்த வாரமே டாக்டர்ட்ட பிரஷர் பாத்துருங்க" என்று படம் எடுத்த பெண் சீட்டு எழுதித் தந்தார்.

"கம்ப்யூட்டர் சொல்லுதா, நீங்க சொல்லுதீயளா?" என்றார் அத்தான்.

"கம்ப்யூட்டர் அதிகமாப் பாத்துப் பழகுனது வெளிநாட்டுக்காரங்க கண்ண. எல்லா ஊர்க் கண்ணையும் சேத்தாத்தான் சரியாச் சொல்லும். அதனாலதான் டாக்டரப் பாக்கச் சொல்றேன்."

அத்தானுக்கு அது போதும். "பாத்தியா மாப்ள, மெசினுக்கே நம்ம கண்ணு பழக்கமில்லையாம்." சீட்டை என்னிடம் தள்ளிவிட்டார்.

மறுநாள் ஞாயிறு, அவர்கள் போகும் சபையில் கர்த்தர் செய்த நன்மையை எழுந்து சாட்சி சொல்லும் நேரம். அத்தான் முதல் ஆளாக எழுந்தார். "எங்கண்ணுல ஒரு குறையும் இல்லன்னு சொல்லிட்டாவ. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்." எல்லாரும் கைதட்டினார்கள். அக்கா அழுதாள். என் சட்டைப்பையில் சீட்டு இருந்தது. நானும் தட்டினேன்.

பஸ் ஸ்டாண்டில் மெல்லக் கேட்டேன். "நாளைக்கு டாக்டர்ட்ட போறீங்கல்ல?"

"சபை நடுவுல சாட்சி சொல்லிட்டு ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கவா? ஒன் விசுவாசம் அம்புட்டுதானான்னு கேப்பாவ."

பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

பத்தொன்பதாம் நாள் அக்காவிடமிருந்து போன் வந்தது. இந்த முறை பயணம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, அத்தானை அங்கேதான் சேர்த்திருந்தார்கள். மதுரையிலிருந்து 74 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ 60 ரூபாய். அத்தானுக்கு வலது கை, கால் விழுந்துவிட்டது. வாய் கோணி, பேச்சு இல்லை.

"ஏலே, முகாம்ல குடுத்தாவளே, அந்தச் சீட்டுல என்னதான் எழுதியிருந்தது?" என்றாள் அக்கா.

படித்துக் காட்டினேன். சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டாள். "பொறவு நீ எதுக்குலே கைதட்டுன?"

முகாமுக்குப் போகிறவர்களுக்கு: பைக்கில் போகாதீர்கள், மருந்து விட்டால் நாலைந்து மணி நேரம் பார்வை மங்கும். கண்ணைப் பார்ப்பது கண்ணுக்காக மட்டும் இல்லை. சீட்டில் டாக்டரைப் பார் என்றிருந்தால் முதலில் அங்கே போங்கள், நல்ல செய்தியைப் பிறகு சொல்லலாம். கூடப் போகிறவர் என்னைப் போல் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டாம்.

அத்தானின் கண்ணில் இன்னும் புரை இல்லை. கட்டிலுக்கு எந்தப் பக்கம் நான் நகர்ந்தாலும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.