மிஸ்டு கால் வராத ஞாயிற்றுக்கிழமை

தேனியிலிருந்து பெரியகுளம் போகும் ரோட்டில் இருந்த அந்த நூல் மில்லில் அருளப்பனுக்கு என்ன வேலை என்று யாரைக் கேட்டாலும் ‘கம்ப்யூட்டர்காரர்’ என்பார்கள். அந்த ஒரு வார்த்தைக்குள் என்னென்ன அடங்கும் என்பது அவனுக்கே பிடிபடாத விஷயம். பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் அவன். கேட்டில் வைத்த கேமரா மங்கினால் அவன். மேனேஜர் மகளின் பரீட்சை முடிவை நெட்டில் பார்த்துச் சொல்வதும் அவன்தான். ஒருமுறை கேன்டீன் மிக்ஸியைக்கூடக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டுப் போனார்கள். அதையும் சரிசெய்து கொடுத்தான், சண்டை போட அலுப்பாக இருந்ததால்.

இத்தனைக்கும் நடுவில் அவனுடைய உண்மையான வேலை ஒன்று இருந்தது. மில்லின் சம்பளம், ஸ்டாக், பில் எல்லாம் ஓடுகிற ஒற்றை சர்வரை உயிரோடு வைத்திருப்பது. முன்பு பஞ்சு சாம்பிள் போட்டுவைத்த சின்ன அறையில் அது உட்கார்ந்திருந்தது. சாம்பிளை எடுத்துவிட்டார்கள், பஞ்சு போகவில்லை. எத்தனை தடவை துடைத்தாலும் காற்றாடி இறக்கைகளில் வெள்ளையாகப் படிந்துவிடும், பெட்டி கொதிக்கும். இரண்டாயிரத்து எட்டில் ஆரம்பித்த மின்வெட்டு வேறு. யூபிஎஸ் பாட்டரி எப்போது மூச்சை விடும் என்று சொல்ல முடியாது. ஏதாவது ஒன்று ஆகும், சர்வர் நின்றுபோகும், அருளப்பனுக்குப் போன் வரும். அது ஞாயிற்றுக்கிழமையாகத்தான் இருக்கும். மில் ஞாயிறும் ஓடும், ஆனால் ஞாயிறன்று சர்வர் மெஷினைக் கவனிக்க அங்கே ஆள் கிடையாது. பழனிசெட்டிபட்டி வாடகை வீட்டிலிருந்து அவன் டிவிஎஸ் பிஃப்டியை மிதித்துக்கொண்டு போக வேண்டும். மாதா கோயில் பூசைக்குப் போய் எத்தனை வாரம் ஆயிற்று என்று அவன் மனைவி ஞானபாக்கியம் கேட்பதையே நிறுத்தியிருந்தாள்.

அவனுக்குத் தூக்கம் வேண்டும். பணம், பதவி உயர்வு எல்லாவற்றுக்கும் ஆசைப்பட்டு அலுத்துப்போன வயது. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, போன் அடிக்காமல், தானாக முழிப்பு வரும்வரை தூங்க வேண்டும். அவ்வளவுதான் அவன் கேட்டது.

அவனுக்குத் தினமும் வருகிற நல்ல போன் என்று ஒன்று உண்டு, அது அவன் ஆத்தாவுடையது. இருதயம்மாள் அனுமந்தன்பட்டியில் தனியாக இருந்தாள். மகன் வீட்டுக்கு வரச்சொன்னால், “அங்கன வந்து நாலு சொவத்தைப் பாத்துக்கிட்டு இருக்கவா?” என்பாள். காலைப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். ஒரே ஒரு மணி, உடனே கட் பண்ணிவிடுவாள். எழுந்துவிட்டேன், நன்றாக இருக்கிறேன், நீ உன் வேலையைப் பார் என்று அர்த்தம். எடுத்துப் பேசினால் கோபம் வரும். “எதுக்குய்யா எடுத்த? காசு போகுதுல்ல!”

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. அந்தக் காலத்தில் கம்பம் பள்ளத்தாக்கே மிஸ்டு காலில்தான் ஓடியது. மில் வேன் தெருமுனைக்கு வந்துவிட்டால் டிரைவர் தவசி மிஸ்டு கால் கொடுப்பார். கம்பத்துக்குப் போனவர்கள் போய்ச் சேர்ந்ததும் மிஸ்டு கால். பேசாமலே பேசிக்கொள்வதில் எல்லாரும் தேர்ந்திருந்தார்கள்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் மேனேஜர் விஜயகுமாரிடம் போய் நின்றான். விஜயகுமார் கெட்டவர் இல்லை. யாருக்கும் இல்லை என்று சொல்லமாட்டார், யாருக்கும் எதையும் கொடுக்கவும் மாட்டார்.

“சார், ஞாயித்துக்கெழமை மட்டும் என்னைய விட்ருங்க.”

“விட்டுட்டா மெஷினை யாருப்பா பாக்குறது? அது தன்னைத்தானே பாத்துக்கிருமா?”

“பாத்துக்கிறாப்ல செஞ்சுட்டா?”

“செஞ்சுட்டீன்னா ஞாயித்துக்கெழமை ஒன்னோடது. போதுமா?”

அவர் வாயில் வந்த அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அருளப்பன் கலெக்ட்டி என்ற மென்பொருளை இறக்கினான். சர்வருக்குள்ளேயே சத்தமில்லாமல் ஓடிக்கொண்டு, சில நொடிக்கொருமுறை அதன் நாடியைப் பிடித்துப் பார்க்கிற வேலை அதற்கு. சூடு, டிஸ்கில் மிச்சமிருக்கும் இடம், நினைவகம், யூபிஎஸ் பாட்டரி என்று ஒவ்வொன்றையும் பார்க்கத் தனித்தனிப் பிளகின், அதாவது துணை நிரல். அமைப்புக் கோப்பைத் திறந்தால் மேலிருந்து கீழ்வரை பிளகின்களின் பெயர். பெரும்பாலான வரிகளின் தலையில் ஒரு ஹேஷ் (#) குறி, கதவுக்குத் தாழ்ப்பாள் போட்ட மாதிரி. அந்தக் குறியை நீக்கினால் அந்தப் பிளகின் விழித்துக்கொள்ளும்.

ஆசைக்கு அளவு ஏது? கண்ணில் பட்ட குறியையெல்லாம் நீக்கிவிட்டான். அத்தனை பிளகினும் சேர்ந்து ஓயாமல் அளந்து அளந்து எழுதியதில் சர்வரே திணறிப்போய், பில் போடுகிற முருகம்மாள் வந்து, “என்ன சார், இன்னிக்கி கம்ப்யூட்டர் நத்தை மாதிரி ஊருது?” என்று கேட்டுவிட்டுப் போனாள். நோயாளியைப் பார்க்கப் போய் நோயைக் கொடுத்த கதைதான். திரும்பவும் ஒவ்வொரு வரியாகத் தாழ்ப்பாள் போட்டான். கடைசியில் சூடு, இடம், நினைவகம், பாட்டரி ஆகிய நாலு மட்டும் தங்கின.

அடுத்தது, ஆபத்து வந்தால் அவனுக்குத் தெரிய வேண்டும். எஸ்எம்எஸ் அனுப்பச் சொல்லலாம். அதற்கு யார் ரீசார்ஜ் செய்வது என்று விஜயகுமார் கேட்டார். பிறகு அவரே வழியும் சொன்னார்: “மிஸ்டு கால் குடுக்கச் சொல்லுப்பா, அது போதும்.” அவர் கழித்துப் போட்ட பழைய போன் ஒன்றைக் கேபிளில் சர்வரோடு கட்டினான். எந்த அளவாவது எல்லை மீறினால் ஒரு சின்ன நிரல் ஓடி, அவன் நம்பரை அழைத்து, மணி அடித்ததும் கட் பண்ணிவிடும். அந்த நிரலை ஓட்டுகிற பிளகின் லேசில் வழிக்கு வரவில்லை. சர்வரின் முழு அதிகாரம் உள்ள ரூட் பெயரில் ஓடமாட்டேன் என்று அடம்பிடித்தது. அதற்கென்று அதிகாரமில்லாத ஒரு சாதாரணப் பெயரை உண்டாக்கிக் கொடுத்த பிறகுதான் அடங்கியது.

அதன்பின் மிஸ்டு கால் மழை. எல்லைகளை மிகவும் இறுக்கி வைத்துவிட்டான். கரண்ட் போனால் மணி, வந்தால் மணி, மதிய வெயில் ஏறினால் மணி. சோற்றில் கை வைக்கும்போது மணி. ஞானபாக்கியத்துக்கு அது விளையாட்டாகிவிட்டது.

“ஏங்க, ஒங்க சின்ன வீடு கூப்புடுறா. போய் என்னன்னு கேளுங்க.”

சிரிக்கக்கூடத் தெம்பில்லாமல் அவன் எழுந்து போவான். ஒவ்வொரு முறையும் காரணத்தைத் தேடி, எல்லையைக் கொஞ்சம் தளர்த்துவான். ஒருமுறை மீறியதும் கத்தாதே, தொடர்ந்து மீறினால் மட்டும் கூப்பிடு என்று கோப்பில் எழுதினான். காற்றாடியை மாற்ற வைத்தான். கதவிடுக்கில் பஞ்சு புகாமல் ரப்பர் ஒட்டினான். வாரக்கணக்கில் இந்தப் போராட்டம். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்தது. பிள்ளைக்குப் பேச்சு கற்றுக்கொடுக்கிறவர்கள் உண்டு, இவன் பேசாமலிருக்கக் கற்றுக்கொடுத்தான். மணி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, ஒருநாள் நின்றது.

அதிலிருந்து அருளப்பனுக்குள் ஒரு புது வழக்கம் படிந்தது. கண் விழித்ததும் போனைப் பார்ப்பான். சர்வரின் நம்பர் இல்லாவிட்டால் நெஞ்சு லேசாகும். எதுவும் வராமலிருந்தால் எல்லாம் நன்றாக இருக்கிறது. ஆத்தாவின் கணக்கு இதற்கு நேர்மாறானது என்பதை அவன் யோசிக்கவில்லை. அவள் விஷயத்தில் யோசிக்க வேண்டி வந்ததே இல்லை, அவள் ஒருநாளும் தவறியதில்லையே.

விஜயகுமார் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஞானபாக்கியம் அவனை எழுப்பாமல் பூசைக்குப் போனாள். அருளப்பன் தூங்கினான். ஒருமுறை விழிப்பு வந்தபோது கையை நீட்டிப் போனை எடுத்துப் பார்த்தான். திரை வெறுமையாக இருந்தது. ஒன்றுமில்லை, ஒருவரும் கூப்பிடவில்லை. சேசுவே, உனக்குப் புண்ணியம் என்று சொல்லிக்கொண்டு போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். பல வருஷத்துக்குப் பிறகு அவன் சந்தோஷமாகத் தூங்கிய தூக்கம் அது.

எழுந்தபோது வெயில் ஏறியிருந்தது. ஞானபாக்கியம் கறிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“நல்லாத் தூங்குனீகளா?”

“ராசா மாதிரி.”

“அத்தை மிஸ்டு கால் குடுத்துட்டாகளா? பூசை விட்டு எம்புட்டு நேரமாச்சு.”

அவன் வாயில் பிரஷ்ஷோடு நின்றான். போனை மறுபடி எடுத்துப் பார்த்தான். அதே வெற்றுத் திரை. காலையில் அதைப் பார்த்துத்தான் சாமிக்கு நன்றி சொல்லிவிட்டுத் திரும்பப் படுத்தான்.

ஆத்தாவின் நம்பரைப் போட்டான். மணி முழுக்க அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டான். எடுத்தால் திட்டுகிற ஆத்தா எடுக்கவே இல்லை. பக்கத்து வீட்டுக் கருத்தம்மாளுக்குப் போட்டான்.

“ஒங்காத்தாவா? கோயிலுக்குப் போயிருப்பாகன்னுல்ல நெனச்சேன். இரு, போய்ப் பாத்துட்டு வாரேன்.” போனைக் கையில் பிடித்தபடியே அவள் நடந்தாள். கொல்லைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு கருத்தம்மாளின் குரல் உயர்ந்தது. “அய்யோ, அருளப்பா! ஆத்தா குளிக்கிற கல்லுக்கிட்ட விழுந்து கெடக்காகய்யா! உசுரு இருக்கு, உசுரு இருக்கு. நீ வா!”

அருளப்பனும் ஞானபாக்கியமும் கம்பம் பஸ்ஸில் ஏறினார்கள். வீரபாண்டியிலும் சின்னமனூரிலும் பஸ் நின்று ஆள் ஏற்றியது, கண்டக்டர் சில்லறைக்குச் சண்டை போட்டார், யாரோ திராட்சைக் கூடையை அருளப்பனின் கால்மேல் வைத்தார்கள். அவன் காலை எடுக்கவில்லை. உத்தமபாளையம் வருவதற்குள் கருத்தம்மாள் கூப்பிட்டு, ஆத்தாவை வேனில் ஏற்றித் தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதாகச் சொன்னாள். பாதி வழியில் இறங்கி, எதிர்ப்பக்க பஸ் பிடித்து, வந்த வழியே திரும்பினார்கள். அசதி என்றால் என்ன என்று அதுவரை தனக்குத் தெரியாது என்று அருளப்பன் நினைத்துக்கொண்டான்.

இருதயம்மாளுக்கு இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. உயிருக்குப் பயமில்லை, நடப்பது கஷ்டம் என்றார்கள். ஊசியின் மயக்கம் தெளிந்தபோது அவள் கண் மகனைத் தேடியது. அவன் கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். அவள் முகத்தின் ஒரு பக்கம் வெயில் பட்டுச் சிவந்திருந்தது.

“பூசைக்குப் போகணும்னு குளிக்கப் போனேன்ய்யா. கல்லு வழுக்கிருச்சு.”

“கத்திருக்கலாம்ல ஆத்தா? கருத்தம்மா சின்னம்மா பக்கத்து வீட்லதான இருந்தாக.”

“உள்பாவாடையோட கெடக்கேன், ஊரைக் கூட்டச் சொல்றியா?” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். “அதுமில்லாம, மிஸ்டு கால் வரலைன்னா நீ ஓடியாந்துருவன்னு எனக்குத் தெரியும். அதான் கம்முன்னு கெடந்தேன்.”

அருளப்பன் தலையைக் குனிந்துகொண்டான். பின்னால் நின்ற ஞானபாக்கியம் அவன் தோளில் கை வைத்தாள்.

அவன் தலை குனிந்ததை ஆத்தா வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். எட்டி அவன் கையைப் பிடித்து, கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பைப் பார்த்தாள். அவளுக்கு மனசு பொறுக்கவில்லை.

“ஞாயித்துக்கெழமையும் ஒன்னைய விட மாட்றாய்ங்களாய்யா, அந்த மில்லுல?”

“விட மாட்றாய்ங்க ஆத்தா,” என்றான் அருளப்பன்.